பஸ் ஸ்டாண்டு வரும் படங்கள்

வெள்ளைக்கரடு சிமெண்டு ஆலைக் குடியிருப்பில் இருநூற்றுப் பத்து வீடுகள் இருந்தன, இருநூற்றுப் பத்து வீடுகளிலும் சந்தேகம் இருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் ஐந்து விசில் அடித்தால் கறியா பருப்பா என்று யோசிப்போம், பருப்புதான் என்று அவர்களே சொல்லிவிட்டால் ஏன் மறைக்கிறார்கள் என்று யோசிப்போம், நிஜமாகவே பருப்பு என்று தெரிந்துவிட்டால் பருப்புக்கு எதற்கு ஐந்து விசில் என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்போம். இப்படிப்பட்ட ஊருக்குத்தான், டவுனில் இருந்த ஒரே தியேட்டர் நெல் குடோனாகி, கேபிள்காரரும் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன அந்த வருஷம், தபாலில் சினிமா வந்தது.

ஒரே நாள் காலையில் பேப்பருக்குள்ளிருந்து இரண்டு நோட்டீஸ்கள் விழுந்தன. ஒன்று பளபளவென்று வழுக்கும் தாளில், சென்னை விலாசமும் மூன்று டெலிபோன் நம்பரும் சிரிக்கிற பெண்ணின் படமுமாக இருந்தது. அந்தக் கம்பெனிக்குப் பெயர் நித்திலம். இன்னொன்று பழுப்புத் தாளில், வெறும் தபால்பெட்டி எண்ணோடு இருந்தது; அதற்குப் பெயர் அலைதிரை. இரண்டுக்கும் ஏற்பாடு ஒன்றுதான். மாதச் சந்தா கட்ட வேண்டும், பார்க்க விரும்பும் பத்துப் படங்களை வரிசையாக எழுதி அனுப்ப வேண்டும், அவர்கள் டிவிடியைத் தபாலில் அனுப்புவார்கள், பார்த்துவிட்டு அதே கவரில் போட்டுத் திருப்பினால் பட்டியலில் அடுத்த படம் வரும். முகம் தெரியாதவனை நம்பி ஒருவன் பொருளை அனுப்புகிறான் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நாங்கள் ஒருமனதாக முடிவு செய்தோம். ஆனால் படமும் பார்க்க வேண்டும். ஆகவே எந்தக் கம்பெனியில் சேர்வது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை நலச்சங்கம் மாசிலாமணி சாரிடம் கொடுத்தது.

மாசிலாமணி சார் ஆலையின் தரச்சோதனைக் கூடத்தில் இருந்தார். சிமெண்டைக் குழைத்துச் சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு மிஷினில் வைத்து நொறுங்கும்வரை அழுத்துவது அவர் வேலை. எவ்வளவு அழுத்தத்தில் நொறுங்கியது என்று எழுதி அவர் ஒரு கையெழுத்துப் போட, சாட்சியாக இன்னொருவரும் போட வேண்டும். இருபத்தாறு வருஷம் இந்த வேலையைப் பார்த்தவர் சாம்பாரை இரண்டு தரம் ருசி பார்ப்பார். ரேஷன் கடைக்குப் போய் வந்த மனைவியிடம், போன வாரம் முப்பத்திரண்டு நிமிஷம் ஆனது இந்த வாரம் ஏன் நாற்பது என்று கேட்பார். அவர் மனைவி தமயந்தியை அவர் அடித்ததில்லை, குரலை உயர்த்தியதில்லை. நம்பியதில்லை, அவ்வளவுதான். ஒரே மகள் சுடர்க்கொடியை ஓசூரில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் கேள்வி கேட்க அவரும் பதில் சொல்ல தமயந்தியும் மட்டும்தான் இருந்தார்கள். நான் அவர்களுக்கு அடுத்த வீடு, ஆலையின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்க்கிறவன். சுவர் மெல்லிசு, எனக்கோ காது கூர்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு இரண்டு நோட்டீஸையும் மேஜைமேல் விரித்தார்.

"நித்திலத்துக்காரன் எல்லாம் சரியா இருக்கும்ங்கறான். எதுலயும் கோளாறே இல்லைன்னு சொல்றவன நம்பக் கூடாது, சிவநேசன். இந்த அலைதிரைக்காரன் அடியில பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான், படிங்க."

படித்தேன். 'சில படங்களில் கூடுதல் ஆட்கள் தென்படலாம். பொறுத்தருள்க' என்று இருந்தது.

"பிரிண்டுல ஏதோ நெழல் விழும்போலருக்கு, அதச் சொல்றான். குறைய வாய்விட்டு ஒத்துக்கிறான் பாருங்க, அவன்தான் யோக்கியன்," என்றார்.

காப்பி கொண்டு வந்த தமயந்தி, "அந்தப் பளபளா கம்பெனியே இருக்கட்டுமேங்க. படம் மட்டும் வந்தாப் போதும், கூட ஆளுங்க எதுக்கு?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "நீ எதுக்கு அதச் சொல்ற?" என்று கேட்டார். அவள் காப்பித் தட்டோடு உள்ளே போனாள், அதையும் அவர் மனசுக்குள் குறித்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்படியாக நாற்பது வீடுகள் அலைதிரையில் சேர்ந்தோம். போஸ்ட்மேன் அந்தோணிசாமி கட்டுக்கட்டாகப் பழுப்புக் கவர்களைக் கொண்டுவந்து போட்டார், போன படங்கள் போய் வந்த படங்கள் வந்து இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வாரம், முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு கருப்புவெள்ளைப் படத்தில் கதாநாயகிக்குக் கல்யாணம் நடக்கும்போது, பந்தலுக்குப் பின்னால் எங்கள் யூனியன் தலைவர் குணசேகரன் ஆலை ஜெனரல் மேனேஜரோடு நின்று வடை தின்றுகொண்டிருந்தார். குணசேகரனுக்கு அந்தப் படம் வந்தபோது எட்டு வயசு இருக்கும். படத்திலோ அவர் இப்போதைய தொப்பையோடு, போன மாதம் வாங்கிய செல்ஃபோன் சட்டைப்பையில் தெரிய, கையில் இரண்டாவது வடையோடு இருந்தார். அப்போது ஆலையில் எங்களுக்குப் பதினோராவது நாள் வேலைநிறுத்தம்.

இது எப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை, எத்தனை வடை என்றுதான் கேட்டோம். நிறுத்தி நிறுத்திப் பார்த்து நான்கு என்று முடிவு செய்தோம், அடுத்த தேர்தலில் குணசேகரன் தோற்றார். அதன் பிறகு எந்தப் படம் வந்தாலும் முன்னால் யார் என்ன பேசுகிறார்கள், யார் யாருக்காக அழுகிறார்கள் என்பதை நாங்கள் பார்ப்பதே இல்லை. கோயில் காட்சியில் தூணுக்குப் பின்னால், கடைத்தெருக் காட்சியில் பூக்கூடைக்குப் பின்னால், கோர்ட்டுக் காட்சியில் கடைசி பெஞ்சில் எங்கள் ஆட்கள் அந்தந்த வாரம் வெளியே என்ன செய்தார்களோ அதைச் செய்துகொண்டிருந்தார்கள், நாங்கள் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாத் தெருவுக்கும் போகிற அந்தோணிசாமி எல்லாப் படத்திலும் வந்தார். சைக்கிள் பஞ்சரான நாளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குக் குறை. கடைக்குப் போகிற பெண்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார்கள். கேண்டீன் சண்முகவடிவேல் மூன்று மாதமாகியும் தான் ஒரு படத்திலும் வரவில்லையே என்று தபால்பெட்டிக்குப் புகார் எழுதினார். பணி நேரத்தில் ஊழியர்கள் திரைப்படங்களில் காணப்பட்டால் அன்றைய வருகை ரத்து செய்யப்படும் என்று நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது, அதைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது, நானும் மகிழ்ச்சியாகத்தான் பார்த்தேன். பொய் சொல்வானேன்.

சிலர் இது வேண்டாம் என்று நித்திலத்துக்கு மாறினார்கள். அதில் படம் மட்டும்தான் வந்தது, கூட்டத்தில் நிற்பவர்கள் கூட்டத்தில் நிற்பவர்களாகவே இருந்தார்கள். மாறியவர்களை நாங்கள் சும்மா விடவில்லை. "அவன் எதுக்கு மாறினான்? எதையோ மறைக்கிறான்," என்று பேசிப் பேசியே பாதிப்பேரைத் திரும்பவும் அலைதிரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். கடைசியில், எந்தக் கம்பெனி என்று பார்த்துத்தான் வரன் பேசுவது என்கிற அளவுக்குப் போனது.

நாலாவது மாதம் தமயந்தி வந்தாள். ஒரு சண்டைப் படத்தில் கதாநாயகன் மெட்ராஸ் பஸ் ஸ்டாண்டில் ஆறு பேரை அடித்துக்கொண்டிருந்தபோது, அவன் காலுக்கு அப்பால், எங்கள் டவுன் பஸ் ஸ்டாண்டின் சிமெண்டு பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆண் முதுகைக் காட்டியபடி நின்று குனிந்து ஏதோ பேசினான், அவள் ஏதோ சொன்னாள், ஆனால் அடிதடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தின் கீழே கிழமை போட்டிருந்தது. வியாழன், மூன்று மணி. அந்த நேரத்தில் மாசிலாமணி சார் ஆலையில் இருப்பார்.

அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் பட்டியலை எடுத்து, அதில் இருந்த பத்துப் படங்களையும் அடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரும் படங்களாகப் பத்து எழுதினார். எந்தெந்தப் படத்தில் பஸ் ஸ்டாண்டு வருகிறது என்று குடியிருப்பு முழுக்க விசாரித்தார், நாங்களும் எதற்கென்று தெரிந்தே, வரிந்து கட்டிக்கொண்டு எடுத்துக் கொடுத்தோம். என் பங்குக்கு நான் மூன்று சொன்னேன்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் அதே பெஞ்சு, அதே பை, அதே ஆள். ஒன்றில் அவன் முகத்தை வாழைத்தார் மறைத்தது, ஒன்றில் பிரிந்துபோகிற காதலர்கள் மறைத்தார்கள், ஒன்றில் சரியாக அவன் திரும்பும்போது இடைவேளை விட்டார்கள். ஒவ்வொரு படத்திலும் பெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. மாசிலாமணி சார் ஒரு நோட்டில் தேதி, படம், எத்தனாவது நிமிஷம், புடவை நிறம், ஆள் நின்ற தூரம் எல்லாம் எழுதினார். சாப்பாடு குறைந்தது, கன்னம் ஒட்டியது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த படம் எப்போது வரும் என்று அந்தோணிசாமியை வழிமறித்துக் கேட்கிற அளவுக்குத்தான் எங்கள் இரக்கம் இருந்தது.

என் மனைவி பவளம் மட்டும், "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சு போற விஷயம். இதுக்கு எதுக்குங்க பத்துப் படம்?" என்றாள். அவளையும் அன்றைக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

ஒன்பதாவது படம் ஓடும்போது தமயந்தி வெங்காயக் கூடையோடு ஹாலுக்கு வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உரித்தபடியே டிவியைப் பார்த்தாள். பெஞ்சில் தான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மேஜையில் விரித்துக் கிடந்த நோட்டையும் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எத்தன நாளா பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"ஒன்பது படமா."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ ஒரு பதில் சொல்லுவ," என்றார் அவர், கோபமே இல்லாமல், வேலையை விளக்குகிற மாதிரி. "அந்தப் பதில் சரியான்னு மறுபடியும் நான் பாக்கணும்ல, தமயந்தி?"

அவள் மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.

பத்தாவது படம் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. மாசிலாமணி சார் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மத்தியானம் டைம் ஆபீஸுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்று, "நீங்க சாட்சிக்கு வரணும், சிவநேசன். தனியா பாத்தேன்னா செல்லாது," என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். நானும் அரைநாள் லீவு எழுதினேன். அந்த ஆள் யாரென்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

வீட்டில் தமயந்தி இல்லை. ரேஷனுக்குப் போயிருப்பாள் என்றார் அவர். நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அது ஒரு பழைய குடும்பப் படம், கிராமத்திலிருந்து வேலை தேடி வந்தவன் தகரப்பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி ஊரைப் பார்த்துப் பாடுகிறான். பாட்டு முடிந்தது. அடுத்த வசனம் வருமுன் பஸ் ஸ்டாண்டில் ஒரு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை, பெஞ்சு இப்போது பெட்டிக்காரனுக்கும் முன்னால், எங்கள் முழங்காலைத் தொடுகிற மாதிரி இருந்தது. அந்த ஆள் திரும்பினான். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கையில் அட்டை. பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்.

"ஓசூர் வண்டி இருக்காண்ணே?" என்று தமயந்தி கேட்டாள்.

"இருக்கும்மா, இந்தா கெளம்பப் போவுது. வாராவாரம் வந்து கேக்குற, வண்டி போறவரைக்கும் பாத்துட்டு வூட்டுக்குத் திரும்பிடுற. இன்னிக்காவது ஏறுவியா?"

மாசிலாமணி சார் வாய்விட்டுச் சிரித்தார். நான் இருபது வருஷமாக அடுத்த வீட்டில் இருக்கிறேன், அவர் சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"டைம்கீப்பர்! வெறும் டைம்கீப்பர்! என் வீட்டுக்காரி மேல ஒரு தப்பும் இல்ல, சிவநேசன். இருங்க, பேனா எடுக்கிறேன், கையெழுத்துப் போடுங்க," என்று எழுந்து மேஜைப்பக்கம் திரும்பினார்.

நான் பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. டிவிக்கு மேலே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அதிலும் மூன்று பத்து. என் வேலையே நேரம் பார்ப்பதுதான், எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே சொல்லியிருந்தால், ஸ்கூட்டரை எடுத்து அவர் ரயில்வே கேட்டுக்காவது போய் வண்டியை மறித்திருப்பார். நான் சொல்லவில்லை. அடுத்து என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தமயந்தி எழுந்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், கண்டக்டர் கை நீட்டிப் பையை வாங்கிக்கொள்ள, படியில் கால் வைத்து ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இத்தனை வாரமாக ஒவ்வொரு வியாழனும் அந்தப் பெண் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, மகளிடம் போய்விடலாமா இவரோடே இருக்கலாமா என்று யோசித்து, ஒவ்வொரு வியாழனும் இவரையே தேர்ந்தெடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்து, ஏன் தாமதம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"சார், திரும்பிப் பாருங்க," என்றேன்.

பேனாவோடு திரும்பினார். ஜன்னலில் தமயந்தி தெரிய, பஸ் திரையின் ஓரத்துக்குப் போய், திரையை விட்டே போய்விட்டது. தகரப்பெட்டிக்காரன் யாரையோ நிறுத்தி வழி கேட்டான். மாசிலாமணி சார் அடுப்படிக்கு ஓடினார். சாதம் வடித்து மூடியிருந்தது, குழம்பு மூடியிருந்தது, சாவிக்கொத்து அரிசி டின் மேல் இருந்தது. ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இருட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். நோட்டைக் கொண்டுவந்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன், போடாமல் என்ன செய்வது, எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. பிறகு ஓசூருக்கு ஃபோன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தி மேஜைமேல் வைத்தார். சுடர்க்கொடி எடுத்து, அம்மாவிடம் கொடுத்தாள்.

"தமயந்தி, எல்லாத்தையும் பாத்துட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல," என்றார். சந்தோஷத்தில் குரல் நடுங்கியது. "சிவநேசன் பக்கத்துலதான் இருக்கார், அவரே கையெழுத்துப் போட்டுட்டார். கெளம்பி வந்துடு."

பவளம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"என் மேல தப்பு இல்லைங்கறது எனக்கு மொதல்லயே தெரியுங்க," என்றாள் தமயந்தி. பிறகு, பிரஷர் மாத்திரை மேஜை டிராயரில் இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.